ஒப்புரவு யாருடைய வேலை?

1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கானது. அதன் 14ஆம் பிரிவில் மன்னிப்புக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. விபச்சாரம் மன்னிக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டுமானால், தம்பதிகள் மறுபடி தாம்பத்திய வாழ்க்கையைத் தொடங்கியிருக்க வேண்டும் அல்லது விடாமல் தொடர்ந்திருக்க வேண்டும். தவறு செய்தவர் அதை ஒப்புக்கொண்டாரா, வருந்தினாரா என்று சட்டம் கேட்பதில்லை. தெரிந்த பிறகும் சேர்ந்து படுத்தால் மன்னிப்பு ஆகிவிட்டது. அப்படி மன்னித்தவர் பிறகு அந்தக் குற்றத்தைக் காட்டி விடுதலை கேட்டால் மனு தள்ளுபடியாகும். அவன் மறுபடி தவறினால் பழைய குற்றத்துக்கும் உயிர் வரும் என்று ஆங்கில நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. அதை நிரூபிப்பதும் அவள் பாடுதான்.

பிள்ளைகள் முகத்தைப் பார்த்து மன்னித்துவிடு, வீட்டுக்குத் திரும்பிப் போ என்று நான் வளர்ந்த சபையில் எத்தனையோ பெண்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவர்களில் நல்லவர்களும் உண்டு, ஐயரம்மாக்களும் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போனவளுக்கு நீதிமன்றத்தின் கதவும் பாதி சாத்திக்கொள்ளும் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் கதவு பெண்ணுக்கு ஏற்கெனவே ஒடுக்கமானது. 10ஆம் பிரிவின்படி கணவன் விவாகரத்துப் பெற மனைவியின் விபச்சாரம் ஒன்றே போதும். மனைவிக்குக் கணவனின் விபச்சாரம் போதாது. அதோடு கொடுமையோ, இரண்டு வருடம் கைவிட்டுப் போனதோ, முறையற்ற உறவோ, இருதார மணமோ சேர்ந்திருக்க வேண்டும். அடி மட்டும் வாங்கியவளுக்கு விவாகரத்து இல்லை. கைவிடப்பட்டவளுக்கும் இல்லை. இருவரும் பேசி முடிவெடுத்துப் பிரியும் வழியே இல்லை. மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தாலும் உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து அதை உறுதிசெய்ய வேண்டும். வழக்கு நடக்கும் காலத்து ஜீவனாம்சம் கணவன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மனைவியோடு உறவு கொண்டவனிடம் கணவன் நஷ்டஈடும் கேட்கலாம். வயலில் மாடு மேய்ந்ததற்குக் கேட்பதுபோல.

இதையெல்லாம் வேதத்தின் கண்டிப்பு என்றே பலர் நம்பினார்கள். உண்மையில் இது 1857இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பிரதி. அந்த மசோதாவைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் கிளாட்ஸ்டன். அவர் விவாகரத்தையே விரும்பாதவர், பழைமையான ஆங்கிலிக்கர். ஆனாலும் ஆணுக்கு ஒரு நீதி பெண்ணுக்கு ஒரு நீதி என்பது கிறிஸ்தவத்துக்கே விரோதம் என்று அவர் வாதாடினார். பெண்கள் பக்கத்து வாதம் அன்றைக்கு ஒரு பழைமைவாதியின் வாயிலிருந்து வந்தது, தோற்றும் போனது.

அவர் சொன்னதற்கு மாற்கு 10ஆம் அதிகாரத்தில் ஆதாரம் உண்டு. மனைவியைத் தள்ளிவிடுவது நியாயமா என்று பரிசேயர் இயேசுவிடம் கேட்கிறார்கள். கேள்வியிலேயே அந்தக் காலம் தெரிகிறது. யூத முறையில் தள்ளுதற்சீட்டு எழுதிக் கொடுக்கும் உரிமை ஆணுடையது. எந்தக் காரணத்துக்குத் தள்ளலாம் என்பதில்தான் போதகர்களுக்குள் சண்டை: ஷம்மாய் வழியினர் கற்புப் பிழைக்கு மட்டும் என்றார்கள், ஹில்லேல் வழியினர் சமையல் கெட்டாலும் போதும் என்றார்கள். பிரிக்கக் கூடாது என்ற இயேசுவின் பதில், சீட்டு எழுதும் கையைத்தான் முதலில் பிடித்து நிறுத்துகிறது. இன்னொன்றும் இருக்கிறது. மனைவியைத் தள்ளி வேறொருத்தியை மணப்பவன் தன் மனைவிக்கு விரோதமாகவே விபச்சாரம் செய்கிறான் என்கிறார். அதுவரை விபச்சாரம் என்பது இன்னொரு ஆணின் உரிமைக்கு எதிரான குற்றம். மனைவியையும் அதில் அநீதிக்குள்ளானவளாக இந்த வசனம் நிறுத்துகிறது. 1869இன் சட்டம் செய்தது நேர் எதிர்: கணவனின் விபச்சாரத்தை, தனியாக எடுத்தால் மனைவிக்கு எதிரான குற்றமாக எண்ணாமல் விட்டது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதற்கு மூன்று வருடம் முந்தைய இன்னொரு சட்டம். 1866இல், ஹென்றி மெய்ன் கல்கத்தாவில் சட்ட உறுப்பினராக இருந்தபோது, மதம் மாறியவர்களின் மணத்தைக் கலைக்க ஒரு சட்டம் வந்தது. ஒருவர் கிறிஸ்தவராகிறார், அந்தக் காரணத்தால் மனைவியோ கணவனோ ஆறு மாதம் தொடர்ந்து விலகியிருக்கிறார். மாறியவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். சேர்ந்து வாழச் சம்மதமா என்று மற்றவரிடம் நீதிபதி கேட்பார். மறுத்தால் ஒரு வருடம் தவணை, பிறகு மறுபடி கேள்வி. அப்போதும் மறுத்தால் மணம் கலையும், இருவரும் மறுமணம் செய்யலாம். இதில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. பின்னால் நின்றது 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரம்: அவிசுவாசியான துணை பிரிந்துபோனால் சகோதரனும் சரி, சகோதரியும் சரி, கட்டுப்பட்டவரல்ல என்று பவுல் எழுதியது.

இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்துக் கணவன் ஆறு மாதம் விலகி நின்றால், ஞானஸ்நானம் பெற்ற மனைவிக்கு விடுதலைக்கு வழி பிறக்கிறது. கிறிஸ்தவக் கணவன் இருபது வருடம் கண்ணில் படாமல் போனாலும், அவன் வேறொருத்தியோடு இருந்ததையும் அவள் நிரூபித்தாக வேண்டும். கைவிடுவது மணத்தைக் கொல்லும் என்று பேரரசுக்கும் மிஷனரிகளுக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது. கைவிட்டவன் சபைக்கு வெளியே இருந்தபோது அதைச் சட்டமாகவே எழுதினார்கள்.

அதே அதிகாரத்தில்தான், கணவனைப் பிரிந்தவள் மணமில்லாமல் இருக்க வேண்டும் அல்லது அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்ற வரியும் இருக்கிறது. மனைவியைத் தள்ளிவிடக் கூடாது என்று கணவனுக்கும் அங்கேயே சொல்லியிருக்கிறது. பிரசங்கத்தில் இதைக் குறைவாகவே கேட்டிருக்கிறேன். ஒப்புரவு என்பது நல்ல தமிழ்ச் சொல். திருக்குறளின் 22ஆம் அதிகாரம் அதன் பெயரில்தான் இருக்கிறது. அங்கே அது வசதியுள்ளவன் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை. தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லை மத்தேயு 5இலும் வைத்திருக்கிறது. காணிக்கை கொண்டுவந்தவனுக்கு, தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். எழுந்து போக வேண்டியவன் யார் மேல் குறை இருக்கிறதோ அவன். மத்தேயு 18இல் எழுபதுதரம் ஏழு முறை மன்னிக்கச் சொல்வதற்கு முன்னால் ஒரு நடைமுறை வருகிறது: தனியே கண்டித்துப் பார், சாட்சிகளோடு போ, சபைக்குச் சொல், அதற்கும் கேளாவிட்டால் அவனை வெளியாளாக வைத்துக்கொள். எண்ணைத் தெரிந்து வைத்திருக்கும் சேகரக் கமிட்டிகளுக்கு இந்த நடைமுறை ஞாபகம் வருவதில்லை.

மல்கியா 2உம் அப்படித்தான். தள்ளிவிடுதலைக் கடவுள் வெறுக்கிறார் என்ற பாதி எல்லோருக்கும் மனப்பாடம். அதே வசனத்தின் அடுத்த பாதி கொடுமையைக் கண்டிக்கிறது. அந்தப் பகுதி முழுவதும் இளவயது மனைவிக்குத் துரோகம் செய்த ஆண்களைப் பார்த்துப் பேசுவது. அதை எடுத்து, அடிபட்டுத் தாய்வீடு வந்தவளுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள்.

இங்கிலாந்து 1923இல் விபச்சாரத்தில் கணவன் மனைவி வேறுபாட்டை நீக்கியது. 1937இல் கொடுமையையும் கைவிடலையும் தனிக் காரணங்களாக ஏற்றது. இந்தியாவில் பிரதி அப்படியே கிடந்தது. சட்ட ஆணையம் 1960களின் தொடக்கத்திலேயே மாற்றச் சொன்னது, 1983இல் மறுபடி சொன்னது. சிறுபான்மையினர் சட்டத்தில் கை வைக்கத் தயக்கம் என்று காரணம் சொல்வார்கள். அந்தச் சிறுபான்மையில் பாதிப்பேர் பெண்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கடைசியில் 1995இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, கொடுமையோ கைவிடலோ தனியாகவே போதும் என்று 10ஆம் பிரிவின் சில சொற்களை வெட்டியது. 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் அதே வழியில் போனது. 2001இல்தான் பாராளுமன்றம் திருத்தியது. கணவனுக்கும் மனைவிக்கும் காரணங்கள் ஒன்றாயின, ஐந்தில் ஒரு பங்கு வரம்பும் நஷ்டஈட்டுப் பிரிவும் போயின, பரஸ்பர சம்மதத்தில் பிரிய 10ஏ என்ற புதுப் பிரிவு வந்தது. கத்தோலிக்கப் பெண்களுக்கு இன்னொரு சுமை உண்டு. திருச்சபைத் தீர்ப்பாயம் மணம் செல்லாது என்று சொன்னாலும் அது சட்டப்படி மணத்தைக் கலைக்காது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அவர்கள் இரண்டு இடத்துக்கும் நடக்க வேண்டும்.

10ஏ பிரிவிலும் ஒரு வாலை விட்டு வைத்தார்கள். மற்ற மதத்தினர் ஒரு வருடம் பிரிந்திருந்தால் சம்மத மனுப் போடலாம், கிறிஸ்தவர்கள் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். 2010இல் கேரள உயர் நீதிமன்றம் அதை ஒரு வருடமாகப் படிக்க வேண்டும் என்றது. 2022 டிசம்பரில் அதே நீதிமன்றம் அந்த ஒரு வருடக் கட்டாயமும் அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. 14ஆம் பிரிவு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.