நம் குரலில் வந்த பகை



1946இல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். ஓக்லாந்தில் 1966இல் தோன்றிய பிளாக் பேந்தர்களின் பெயரை 1972இல் மும்பையின் தலித் பேந்தர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போராடிய வரலாற்றைப் படித்த நாம், அவர்கள் ஏமாற்றப்பட்ட வரலாற்றையும் படிக்க வேண்டும்.

1964இல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அந்தரங்கத்தை அம்பலப்படுத்துவோம் என்று மிரட்டிய அக்கடிதம், தன்னைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகவே கிங் புரிந்துகொண்டார். எழுதியது எஃப்.பி.ஐ. ஆனால் கறுப்பினத்தவர் ஒருவரே எழுதியதுபோல் அது எழுதப்பட்டிருந்தது. பின்னர் போலிக் கடிதங்களாலும் கேலிச்சித்திரங்களாலும் பேந்தர்களுக்கும் மற்றக் கறுப்பின அமைப்புகளுக்கும் இடையே பகை மூட்டினார்கள். 1971இல் பென்சில்வேனியாவிலுள்ள எஃப்.பி.ஐ. அலுவலகம் ஒன்றிலிருந்து போர் எதிர்ப்பாளர்கள் கோப்புகளை எடுத்துச் சென்ற பிறகே இந்தச் சதி வெளிவரத் தொடங்கியது.

2016 அதிபர் தேர்தலின்போது அந்த மொட்டைக் கடிதம் பேஸ்புக் பக்கமாக வந்தது. 'பிளாக்டிவிஸ்ட்' என்ற பக்கத்துக்குச் சுமார் 3,60,000 விருப்பக்குறிகள். 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்தின் சொந்தப் பக்கத்துக்குக்கூட அத்தனை இல்லை. அதை நடத்தியவர்கள் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். காவல்துறை அடித்த காணொளிகளையும் கறுப்பின வரலாற்றையும் பகிர்ந்து முதலில் நம்பிக்கையைச் சம்பாதித்தார்கள். தேர்தல் நெருங்கியதும், அவர்களே நடத்திய 'வோக் பிளாக்ஸ்' போன்ற கணக்குகள், வாக்களிக்காமல் இருப்பதே மேல் என்று பரப்பின. இந்த நிறுவனம் கறுப்பின மக்களைப்போல் வேறு எந்தப் பிரிவினரையும் குறிவைக்கவில்லை என்று அமெரிக்க செனட் குழு 2019இல் அறிவித்தது.

2012இல் 66.6 விழுக்காடாக இருந்த கறுப்பின வாக்குப்பதிவு 2016இல் 59.6 ஆனது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 1965இல் செல்மா பாலத்தில் ரத்தம் சிந்திப் பெற்ற வாக்கு அது. அதைக் கைவிடச் சொன்ன குரல் சொந்தக் குரலாக ஒலித்தது.

அந்தக் காணொளிகளில் பல உண்மையானவை, பகிர்ந்தவர்கள்தான் போலி. நமக்கான பாடம் இதுதான். நம் மீதான வன்கொடுமையின் படம் கைபேசிக்கு வரும்போது கோபம் வரும், வரவும் வேண்டும். கூடவே சில கேள்விகளும் வர வேண்டும்: இதை அனுப்புவது யார்? நம் ஊர்களில் அவர்களை அறிந்தவர் உண்டா? இந்தக் கோபத்தைக் கொண்டு நம்மை என்ன செய்யச் சொல்கிறார்கள்? வாக்கை விடு, தோழமை அமைப்பை வெறு என்று சொல்லும் பதிவை, நேரில் கூடிப் பேசாமல் நாம் நம்பக் கூடாது.