உள்ளே ஆளில்லாத டாங்கி

ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிறுதேரோடு முடிகிறது. அதற்கு அப்புறம் அவன் ஏறப்போவது பெரிய தேர், போகப்போவது போருக்கு என்பது அங்கே சொல்லாமல் விடப்பட்ட விஷயம். நாற்பதிலும் ஐம்பதிலும் சிறுதேருக்குத் திரும்பி வருகிறவனுக்கு நம் இலக்கணத்தில் பருவம் கிடையாது.

அப்படித் திரும்பி வந்தவர்கள் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். 1974ல் ஷிஸுவோகா நகரத்து டாமியா நிறுவனம் அமெரிக்க ஷெர்மன் டாங்கியைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி, ரேடியோ மூலம் தூரத்திலிருந்து ஓட்டும்படி செய்து விற்றது. அன்று அதை ஓட்டியவர்களும், கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி என்று போனவர்களும் படிப்பு, வேலை, குடும்பம் என்று ஒதுங்கிப் போனார்கள். 1990களின் இறுதியில் அதே நிறுவனம் எஞ்சின் ஒலி, பீரங்கியின் பின்னுதைப்பு எல்லாம் சேர்த்து மறுபடி டாங்கிகளைக் கொண்டுவந்தது. பிறகு சீனத்து ஹெங் லாங் மலிவு விலையில் கொடுத்தது. போனவர்கள் திரும்பினார்கள். பால்ய ஏக்கம் என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பால்யத்தில் பொம்மை ஓடினால் போதும். திரும்பி வந்தவனுக்கு அது போதவில்லை. அவன் நிஜத்தைக் கேட்கிறான். இந்தக் கேட்டலுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

எச். ஜி. வெல்ஸ் 1903 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் எழுதிய கதையில் நிலத்தின் மேல் ஊர்ந்துவரும் இரும்புக் கப்பல்கள் வருகின்றன. பதின்மூன்று வருஷம் கழித்து, 1916 செப்டம்பர் 15ம் தேதி, சோம் போர்முனையில் முதல் டாங்கிகள் நிஜமாகவே ஊர்ந்து வந்தன. இந்த இரண்டுக்கும் நடுவில், 1913ல், அதே வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் யுத்த விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு புத்தகம் போட்டார். வயது நாற்பத்தாறு. யுத்த வெறி கொண்டவர்களை இப்படி ஒரு அறையில் உட்கார்த்தி ஆடவிட்டால் உலகம் பிழைத்துவிடும் என்பது அவர் வாதம். மறு வருஷமே உலக யுத்தம் மூண்டது. வாதம் தோற்றது என்பதைவிட, அவர் ஆடிய விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தரையில் மண்டியிட்டு, பொம்மைப் பீரங்கியில் சின்ன மரக்குச்சியைத் தன் கையாலேயே திணித்து, குறிபார்த்துச் சுட வேண்டும். கைக்கும் பொம்மைக்கும் நடுவே தூரம் இல்லை.

அந்தத் தூரம் வேறு இடத்திலிருந்து வந்தது. 1898ல் நியூயார்க்கில், மாடிசன் ஸ்கொயர் தோட்ட அரங்கத்தில், நிக்கோலா டெஸ்லா ஒரு தொட்டித் தண்ணீரில் சிறிய இரும்புப் படகு ஒன்றை மிதக்கவிட்டு, தொடாமலே அதைத் திருப்பிக் காட்டினார். அதை அவர் பொம்மையாக நினைக்கவில்லை. இப்படிப்பட்ட ஆயுதத்தின் பயங்கரமே யுத்தத்தை ஒழித்துவிடும் என்று நம்பினார். வெல்ஸ் சிறுமையில் சமாதானத்தைத் தேடினார், டெஸ்லா ஆளில்லாமையில்.

ஆளில்லாமைதான் வந்தது, சமாதானம் வரவில்லை. 1939-40ல் பின்லாந்துடன் நடந்த குளிர்கால யுத்தத்தில் சோவியத் ராணுவம் டி-26 டாங்கிகளை ஆளில்லாமல், பின்னால் வரும் இன்னொரு டாங்கியிலிருந்து ரேடியோவால் ஓட்டியது. 1942லிருந்து ஜெர்மானியர்கள் கோலியாத்தை இறக்கினார்கள். நீளம் ஒன்றரை மீட்டர். உயரம் மனிதனின் முழங்காலுக்குச் சற்று மேல். வயிற்றில் 60 கிலோ வெடிமருந்து, பிந்திய ரகத்தில் 100 கிலோ. பின்னால் இழுபடும் கம்பி வழியே, கையில் பிடித்த பெட்டியின் சிறு பிடியைத் திருகி ஓட்டுவது. ஏழாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். 1944ல் வார்சாவில் எழுச்சிக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்து அந்தக் கம்பியை அறுத்தார்கள். கோலியாத்தின் படத்தை முதல் தடவை பார்ப்பவர் பொம்மை என்றே நினைப்பார். வார்சாவில் அது கட்டடங்களைத் தகர்த்தது.

பொம்மை டாங்கி செய்த ஊர் எது என்பதும் கவனிக்க வேண்டியது. ஷிஸுவோகா 1945 ஜூனில் அமெரிக்க விமானத் தாக்குதலில் எரிந்த நகரம். மறு வருஷம் அங்கே மரமறுக்கும் தொழிலாக ஆரம்பித்தது டாமியா. மர மாதிரிகள், பிறகு பிளாஸ்டிக். 1961ல் ஜெர்மன் பாந்தர் டாங்கி. அது மோட்டாரில் ஓடும் பொம்மை. மோட்டாரும் உலர் பாட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காக உடம்பின் அளவை வைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 35ல் ஒரு பங்கு. உலகம் முழுவதும் டாங்கி மாதிரிகளுக்கு இன்று வழங்கும் அளவு இப்படிப் பாட்டரி தீர்மானித்தது. நிறுவனத்தை வளர்த்த ஷுன்ஸாகு டாமியா அமெரிக்காவின் அபர்டீன் ராணுவ மைதானத்துக்கே போய், அங்கே நின்ற டாங்கிகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து வந்தார். நகரம் எரிந்தபோது அவருக்கு வயது பத்து. 2025ல் தொண்ணூறு வயதில் காலமானார். 1947ல் அமலுக்கு வந்த சட்டத்தில் யுத்தத்தைத் துறந்த தேசம் உலகத்தின் மிகத் துல்லியமான சிறு டாங்கிகளைச் செய்தது. 1960களின் கடைசியிலிருந்து வந்த இவர்களுடைய படைப்பொம்மைப் பெட்டிகளின் மேல் டாங்கி வெறும் வெள்ளைப் பின்னணியில் நிற்கும். மண் இல்லை, எதிரி இல்லை, எரிகிற வீடு இல்லை.

திரும்பி வந்தவன் இந்த வெள்ளையை நிரப்பப் பார்க்கிறான். பிளாஸ்டிக் சங்கிலிப் பட்டையைக் கழற்றி உலோகம் மாட்டுகிறான். துரு, சேறு, கரி எல்லாவற்றையும் தூரிகையால் பூசுகிறான். எடையில்தான் அவன் தோற்கிறான். நீளம் பதினாறில் ஒன்று என்றால் எடை 4096ல் ஒன்று ஆக வேண்டும். முப்பது டன் ஷெர்மனுக்கு ஏழு கிலோவுக்கு மேல். கைக்கு வருவது அதைவிட மிக லேசு. அதனால் கல்லில் ஏறினால் குதிக்கிறது, நிஜ டாங்கி போல அமுங்குவதில்லை. உள்ளே ஈயம் வைக்கிறான். வேகத்தையும் குறைக்கிறான். மணிக்கு 40 கிலோமீட்டர் இங்கே இரண்டரை ஆகிவிடுகிறது: தள்ளாடும் குழந்தையின் நடை. நண்பர்கள் கூடிச் சண்டையும் போடுகிறார்கள். அகச்சிவப்புக் கதிரில் சுடுகிறார்கள். அடிபட்ட டாங்கி வேகம் இழந்து, அடி மேல் அடி விழுந்தால் நின்றுவிடுகிறது.

இவ்வளவு சிரத்தையிலும் ஒன்று சேரவே இல்லை. ஷெர்மனுக்குள் ஐந்து பேர் இருந்தார்கள்: தலைவன், குறிபார்ப்பவன், குண்டு நிரப்புகிறவன், ஓட்டுகிறவன், அவனுக்குத் துணை. பொம்மையில் கோபுரத் திறப்பில் இடுப்புவரை ஒரு உருவம் நிற்கலாம். இடுப்புக்குக் கீழே அவனும் இல்லை. அந்த இடத்தில் பாட்டரி. நின்றுவிட்ட டாங்கிக்குள் யாரும் வேகவில்லை. இந்த நிஜத்தின் எல்லை இது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த எல்லைதான் அதைப் பொம்மையாக வைத்திருக்கிறது.

2022க்குப் பிறகு உக்ரைன் யுத்தத்தில், பொழுதுபோக்குப் பறக்கும் பொம்மைகளின் உதிரிகளும் கைப்பெட்டியும் வெடிமருந்தோடு சேர்ந்து நிஜ டாங்கிகளைத் தேடிப் போகின்றன. அந்த டாங்கிகளுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். பெட்டியைப் பிடித்த விரல்களின் அசைவு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் ஆட்டம் முடிந்த பிறகு வருகிறது. பாட்டரி தீர்ந்தோ சங்கிலி கழன்றோ சேற்றில் நின்றுவிட்ட தன் டாங்கியிடம் இவன் நடந்து போக வேண்டும். குனிந்து, இரண்டு கையாலும் தூக்கி, பட்டையில் ஒட்டிய மண்ணை உதறி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பறக்கும் குண்டை அனுப்பியவன் அதனிடம் போகவேண்டியதில்லை. அதற்காகவே அது செய்யப்பட்டது.