மயிலிறகும் மறைந்திருக்கும் படமும்

1) போன வாரம் ஓபியில் ஒரு அம்மா கேட்டாங்க: "டாக்டர், ஊசி குத்தாம சுகர் பார்க்குற வாட்ச் வந்துருக்காமே, பாப்பாவுக்கு வாங்கட்டுமா?"

ஒன்பது வயசு, டைப் 1 நீரிழிவு. விரல் நுனியெல்லாம் குத்திய புள்ளிகள்.

பதிலுக்கு முன்னாடி ஒரு குட்டி வரலாறு.

2) 1665, லண்டன். ராபர்ட் ஹூக் மயிலிறகை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார். தண்ணீர் பட்டதும் வண்ணம் போயிடுது! சாயமா இருந்தா ஏன் போகணும்? அது நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். அடுக்குகளின் இடைவெளி மாறினால் நிறமும் மாறும்.

3) 1891, பாரிஸ். காப்ரியேல் லிப்மன் துளி சாயமில்லாமல் வண்ணப் புகைப்படம் எடுத்தார். ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி அடுக்குகள், அவ்வளவுதான். 1908இல் இயற்பியல் நோபல். அந்தத் தகட்டில் மூச்சு விட்டால் ஜெலட்டின் உப்பும், நிறம் சிவப்புப் பக்கம் நகரும். காய்ந்தால் பழையபடி ஆயிடும்.

4) மறைபடமும் இதே தத்துவம்தான். நுண்மணிகளை வரிசையாக அடுக்கிய ஜெல்லில், படத்தின் வடிவத்தில் மட்டும் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி இறுக்கிடுவாங்க. காய்ந்திருக்கும்போது எல்லாம் ஒரே நிறம். நனைச்சா இறுகிய இடம் குறைவா உப்பும், மற்ற இடம் அதிகமா உப்பும். ஒளிந்திருந்த படம் வெளியே வரும்! போலி மருந்தைக் கண்டுபிடிக்க அட்டைப்பெட்டியில் இதை அச்சிடலாமே என்பதும் இந்த ஆய்வுகளின் நோக்கங்களில் ஒன்று.

5) இப்ப நம்ம கதைக்கு வருவோம். 1997இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சான்ஃபோர்ட் ஆஷர் குழு, குளுக்கோஸ் பட்டால் உப்பி நிறம் மாறும் ஜெல்லைச் செய்து காட்டியது. ஆனால் ஆய்வகக் கரைசல் வேறு, மனித உடம்பு வேறு. ரத்தம், வியர்வை, கண்ணீர் எதிலும் உப்பு, அமிலத்தன்மை எல்லாம் சேர்ந்து ஜெல்லைக் குழப்பும்.

6) அதனால் அந்த அம்மாவிடம் சொன்னது: "வேண்டாம்மா." தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும், மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தப்பான அளவை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

7) இப்போதைக்கு: சோப்புப் போட்டுக் கை கழுவி நல்லா துடைங்க. நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் குத்துங்க, வலி குறையும். தினமும் விரலை மாத்துங்க.

மயிலிறகு ஒருநாள் கைகொடுக்கும். அதுவரை குளுக்கோமீட்டர்தான்.