பிள்ளைங்க கம்மங்கூழை விட்ட கதை

கம்மங்கூழைக் கண்டா இப்போ பிள்ளைங்க மூஞ்சியைத் திருப்பிக்குதுங்க. நாங்களும் அப்படித்தான், நெல்லுச்சோறு கேட்டு அழுதோம். எங்க மானாவாரிக் காட்டுல கம்பும் சோளமும்தான் விளையும். சோறு தீபாவளி, பொங்கலுக்குத்தான்.

1982 ஜூலையில எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தார். ஒன்பது வயசு வரைக்கும்தான்னு எனக்கு இல்ல. தம்பிக்குத் தினமும் சுடுசோறு, சாம்பார். ராத்திரி வீட்டுக் கூழை அவன் தொடவே மாட்டான். 1984ல பெரிய வகுப்புக்கும் வந்தப்ப நானும் தட்டைத் தூக்கிட்டு ஓடினேன். பசி தீர்த்த திட்டம், குறை சொல்லமாட்டேன். 1989ல கலைஞர் முட்டை சேர்த்தார், ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. அன்னிக்கு எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒருத்தனும் லீவு போடமாட்டான்.

கம்புதான் திரும்பல. எங்க அம்மா கொள்ளுப்பேரனுக்குக் கூழ் ஊத்துறதில்ல. கம்பை வறுத்து இடிச்சு, கருப்பட்டி சேர்த்து உருண்டை பிடிச்சுக் குடுக்குறாங்க. கம்புன்னு மட்டும் சொல்றதில்ல. நாலு உருண்டை உள்ள போகுது.