கிருஷ்ணகிரி நிலப் பதிவேடுகளும் தரவுத்தளத் திரைகளும்

தொடர்புசார் தரவுத்தளம் என்பது தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான எண்களால் அவற்றை இணைத்து வைக்கும் முறையாகும். கட்டளை எழுதத் தெரியாதவரும் அந்த அட்டவணைகளைப் பார்க்கவும் திருத்தவும் உதவுவது வரைகலைக் கருவி. இவ்வகைக் கருவி எப்படி அமைய வேண்டும் என்பதை ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் நிலப் பதிவேடுகளைக் கொண்டு நன்கு விளங்கிக் கொள்ளலாம்.

காகிதத்தில் இருந்த அட்டவணைகள்

கிராமக் கணக்குகளில் 'அ' பதிவேடு புல எண் வரிசையில் எழுதப்படுவது. சிட்டா பட்டா எண் வரிசையில், உரிமையாளர்வாரியாக எழுதப்படுவது. அடங்கல் ஒவ்வோர் ஆண்டும் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று காட்டுவது. 1980இல் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்ட பின், இக்கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்பில் வந்தன.

ஒரே செய்தி இரண்டு புத்தகங்களில் இடம்பெற்றதற்குக் காரணம் உண்டு. எழுதி முடித்த காகிதத்தை வேறு வரிசைக்கு மாற்ற இயலாது. ஆனால் ஒன்றில் திருத்தி மற்றொன்றில் திருத்தாமல் விட்டால் முரண்பாடு தோன்றும். ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட தொடர்புசார் மாதிரி இச்சிக்கலுக்கு விடை தந்தது: செய்தியை ஓரிடத்தில் மட்டும் சேமித்து, வேண்டிய வரிசையில் பார்த்துக் கொள்ளலாம்.

கட்டளையிலிருந்து திரைக்கு

1974இல் சேம்பர்லினும் பாய்சும் இம்மாதிரிக்கான வினவல் மொழியை அறிமுகப்படுத்தினர். இதுவே பின்னாளில் எஸ்.க்யூ.எல். எனப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அதே நிறுவனத்தைச் சேர்ந்த மோஷே ஸ்லூஃப் வேறு வழி காட்டினார். திரையில் வெற்று அட்டவணை தோன்றும். தேடுவது எது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கட்டத்தில் நிரப்பினால் போதும். 1992இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ், 1998இல் வந்த பி.எச்.பி.மைஅட்மின் போன்றவை தரவுத்தளத்தைத் திரை வழியே கையாளும் பழக்கத்தைப் பரவலாக்கின.

எல்லைக்கு அப்பால்: பூமி திட்டம்

ஓசூரை ஒட்டிய ஆனேக்கல் உட்பட, கர்நாடக வட்டங்களின் நிலப் பதிவேடுகள் 'பூமி' திட்டத்தின் கீழ்க் கணினிமயமாயின. 2001ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடிப் பதிவுகள் அதில் ஏற்றப்பட்டன. வட்ட அலுவலகச் சேவை மையத்தில் 15 ரூபாய் கட்டணத்தில் பஹணி நகல் கிடைத்தது. மையத்தில் இரண்டாவது திரை ஒன்று விவசாயியை நோக்கி வைக்கப்பட்டது. தம் பதிவில் என்ன செய்யப்படுகிறது என்பதை அவரும் காண முடிந்தது. பதிவைக் கையாளும் அலுவலர் கைரேகை வைத்தே உள்நுழைந்ததால், யார் செய்த மாற்றம் என்பதும் பதிவாயிற்று.

ஒரு கிராமம், மூன்று மாவட்டங்கள்

தமிழ்நாட்டில் 'தமிழ்நிலம்' மென்பொருள் இப்பணியைச் செய்கிறது. இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் என ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிவு செய்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ இடுகிறோம். ஒவ்வொரு தெரிவும் அடுத்த பட்டியலைச் சுருக்கித் தருவதால், தவறான கிராமப் பெயரைத் தட்டச்சு செய்ய வழியில்லை.

இந்த அமைப்புக்கு இப்பகுதி கடினமான சோதனை ஒன்றை வைக்கிறது. ஓசூர்ப் பகுதி முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சேர்ந்தது. பின்னர் ஓசூர் வட்டத்திலிருந்து சூளகிரி தனி வட்டமாயிற்று. தாத்தாவின் பத்திரத்தில் சேலம் மாவட்டம், தந்தையின் பத்திரத்தில் தருமபுரி, இன்றைய பட்டாவில் கிருஷ்ணகிரி என்று இருந்தாலும் நிலம் ஒன்றுதான். எனவே கிராமத்துக்கு மாறாத குறியீடு ஒன்று தனியே வேண்டும். மாவட்டமும் வட்டமும் அதனுடன் இணைக்கப்படும் செய்திகளாக இருக்க வேண்டும். மாவட்டப் பெயரையே சாவியின் பகுதியாக வைத்தால், ஒவ்வொரு பிரிவினையின்போதும் எல்லாப் பதிவுகளையும் மாற்றியெழுத நேரும்.

மற்றொரு சிக்கல் பெயர். தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் மிகுந்த இப்பகுதியில், முனியப்பா என்பவர் ஓர் ஆவணத்தில் முனியப்பன் ஆகவும், வேறோர் ஆவணத்தில் முனியப்ப ஆகவும் இருக்கலாம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் இவர்களை மூவராகவே காட்டும். பெயரின் முற்பகுதியை மட்டும் கொண்டு தேடி, தந்தை பெயரையும் புல எண்ணையும் பக்கத்திலேயே காட்டும் திரை பயனுள்ளது. அப்போதும் தானே ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல், முடிவை மனிதரிடம் விடுவதே பாதுகாப்பு.

பார்ப்பதும் திருத்துவதும்

நிபந்தனை இல்லாத ஒரு திருத்தக் கட்டளை, அட்டவணையின் எல்லா நிரைகளையும் மாற்றிவிடும். ஆகவே நல்ல கருவி, பார்க்கும் உரிமையையும் திருத்தும் உரிமையையும் பிரிக்கும்; எத்தனை நிரைகள் மாறப்போகின்றன என்பதை முன்கூட்டியே காட்டும்; உறுதி செய்யும்வரை மாற்றத்தைத் திரும்பப் பெற இடம் தரும்; பழைய மதிப்பையும் திருத்தியவர் பெயரையும் அழிக்காமல் வைக்கும். உட்பிரிவு செய்யும்போது பழைய புல எண்ணின் பரப்பும் புதிய உட்பிரிவுகளின் கூட்டுப் பரப்பும் ஒத்துவருகின்றனவா என்று சரிபார்ப்பதும் அதன் வேலை.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல், இப்பகுதியின் விளைநிலங்கள் தொழிற்சாலைகளுக்காகக் கைமாறி வருகின்றன. நிலம் கையகப்படுத்தப்படும்போது இழப்பீட்டுக்கான அறிவிப்பில் இடம்பெறுவது பதிவேட்டில் உள்ள பெயரே. இறந்துபோன தாத்தாவின் பெயர் நீடித்தாலோ, சகோதரிகளில் ஒருவர் பெயர் விடுபட்டாலோ, உழுதவர் உரிமையை நிறுவ அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிருக்கும். தம் பதிவைத் தாமே முன்னதாகப் பார்க்க முடிந்தவர், பிழையை உரிய காலத்தில் திருத்தக் கோரலாம். தரவுத்தளத் திரையின் பயன் அங்கேதான் தொடங்குகிறது.