அணையும் காற்றாலையும்: நோர்வே நாட்டுச் சாமியரின் உரிமை வழக்கு

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மின்சாரம் பெறுவதனால் விளையும் கேட்டினை உலகம் இன்று நன்குணர்ந்துள்ளது. ஆதலின், ஓடும் நீரிலிருந்தும் வீசும் காற்றிலிருந்தும் மின்சாரம் பெறுதலையே நாடுகள் பலவும் விரும்புகின்றன. நீரும் காற்றும் புகை கக்குவதில்லை. எடுக்க எடுக்கக் குறைவதுமில்லை. ஆயினும், அணை கட்டுதற்கும் காற்றாலை நாட்டுதற்கும் நிலம் வேண்டும். அந்நிலம் யாருடையது என்னும் வினா எழுந்தவிடத்து, தூய மின்சாரமும் வழக்குக்கு உரியதாகின்றது. ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நோர்வேயில், சாமியர் என்னும் பழங்குடி மக்கள் இவ்வினாவை இருமுறை நீதிமன்றம் வரை கொண்டு சென்றனர். முதன்முறை அவர்கள் தோற்றனர். இரண்டாம் முறை வென்றனர். இவ்விரண்டு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட நாற்பதாண்டுக் கதை நேயர்கள் அறிந்திருக்கத் தக்கதாகும்.

சாமியர் நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் வடபகுதியிலும் நடுப்பகுதியிலும், பின்லாந்தின் வடபகுதியிலும், ருசியாவின் கோலாத் தீபகற்பத்திலும் தொன்றுதொட்டு வாழ்ந்து வருபவர். மீன்பிடியும் வேளாண்மையும் செய்வோர் அவருள் பலர். நகர்களில் தொழில் புரிவோரும் உளர். எனினும், துருவமான் மந்தைகளை மேய்க்கும் தொழிலே அவர்தம் மொழிக்கும் பண்பாட்டுக்கும் உறைவிடமாய் நிலைத்துள்ளது. பருவந்தோறும் மந்தைகள் இடம்பெயர, மேய்ப்பரும் உடன் செல்வர். இவ்வழக்கம் எத்துணைப் பழைமையானதென்பதற்கு 1751ஆம் ஆண்டின் எல்லை உடன்படிக்கையே சான்று பகரும். அக்காலத்தில் டென்மார்க்குடன் இணைந்திருந்த நோர்வேக்கும் சுவீடனுக்கும் இடையே எல்லை வகுக்கப்பட்டபோது, சாமியர் தம் மந்தைகளுடன் அவ்வெல்லையைக் கடந்து செல்லும் உரிமை எழுத்தில் பொறிக்கப்பட்டது.

பின்வந்த நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. சாமியரை நோர்வேயராக்குதல் என்னும் கொள்கையை அரசு மேற்கொண்டது. பாடசாலைகளில் சாமி மொழி விலக்கப்பட்டது. தாய்மொழியைப் பேச நாணும்படி தலைமுறைகள் வளர்க்கப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே இக்கொள்கை தளரலாயிற்று. முதற் போராட்டம் எழுந்தபோது சாமியர் காத்துநின்றது ஓர் ஆற்றை மட்டுமே எனக் கருதுவது பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும்.

அந்த ஆறு வடநோர்வேயிலுள்ள அல்தா ஆறாகும். சால்மன் மீனுக்குப் பெயர்பெற்றது அது. அதனை மறித்து நீர்மின் நிலையம் அமைக்க அரசு திட்டமிட்டது. முதற்றிட்டப்படி மாசே என்னும் சாமியர் ஊர் நீரில் அமிழ வேண்டியிருந்தது. 1970ஆம் ஆண்டில் ஊரவர் எதிர்த்தெழவே, பின்னர் அவ்வூர் திட்டத்தினின்று நீக்கப்பட்டது. ஆயினும், சுருக்கப்பட்ட திட்டத்துக்கு 1978ஆம் ஆண்டு நவம்பரில் பாராளுமன்றம் இசைவளித்தது. மந்தைகளின் போக்குவரத்து வழிகள் கெடும் என்றனர் மேய்ப்பர். மீன்வளம் அழியும் என்றனர் ஆற்றங்கரை மக்கள்.

1979ஆம் ஆண்டு அக்டோபரில், சாமி இளைஞர் சிலர் தலைநகர் ஒஸ்லோவுக்குச் சென்றனர். பாராளுமன்றத்தின் முன்னே தம் மரபுவழிக் கூடாரத்தை அமைத்து உண்ணாநோன்பு மேற்கொண்டனர். மலைநாட்டில் மறைந்திருந்த ஒரு மக்களினம் தலைநகரின் கண்முன்னே வந்து அமர்ந்தது போலாயிற்று. அரசு வேலையைச் சிறிதுகாலம் நிறுத்திவைத்தது. 1981ஆம் ஆண்டு சனவரியில் வேலை மீண்டும் தொடங்கியது. உறைபனியிற் சங்கிலியால் தம்மைப் பிணைத்துக்கொண்டு வழிமறித்தவர்களை அப்புறப்படுத்த ஏறத்தாழ 600 பொலிசார் அனுப்பப்பட்டனர். அடுத்த மாதம், பதவியேற்ற சில நாட்களேயான பிரதம மந்திரி குரோ ஹார்லம் புருண்ட்லாந்தின் அலுவலகத்திற் சாமிப் பெண்கள் புகுந்து அமர்ந்தனர். யாதொன்றும் பயன்படவில்லை. 1982ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அரசின் முடிவு செல்லுமெனத் தீர்த்தது. சிறுபான்மையினரின் பண்பாட்டைக் காக்கும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை விதி அவ்வழக்கில் எடுத்துரைக்கப்பட்டதாயினும், நேரும் பாதிப்பு அவ்விதியை மீறுமளவுக்குப் பெரிதன்று என மன்றம் கருதிற்று. 1987ஆம் ஆண்டில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

ஆறு கைவிட்டுப் போயினும், அப்போராட்டம் வேறுவகையிற் பயன் தந்தது. சாமியரின் மொழியையும் பண்பாட்டையும் வாழ்வையும் பேணுதல் அரசின் கடமை என 1988ஆம் ஆண்டில் நோர்வேயின் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. 1989ஆம் ஆண்டில் சாமியருக்கெனத் தேர்தல்வழி அமைந்த மன்றத்தை அரசர் ஐந்தாம் உலாவ் திறந்து வைத்தார். பழங்குடி மக்களின் உரிமை பற்றிச் சர்வதேசத் தொழில் தாபனம் இயற்றிய 169ஆம் இலக்க உடன்படிக்கையை 1990ஆம் ஆண்டில் உலகிலேயே முதன்முதலாக ஏற்ற நாடும் நோர்வேயே. 1997ஆம் ஆண்டில் அரசர் ஐந்தாம் ஹரால்ட், பண்டைய கொள்கையால் விளைந்த அநீதிக்காகச் சாமியரிடம் வருத்தம் தெரிவித்தார்.

இத்துணைப் பாதுகாப்பும் அமைந்த பின்னரே இரண்டாம் வழக்கு எழுந்தது என்பது ஊன்றி நோக்கத்தக்கது. நடுநோர்வேயின் கடலோரத்தில் போசன் என்னும் தீபகற்பம் உள்ளது. அங்கே சுடூர்ஹையா, ரோவான் என்னும் இரு மலைப்பகுதிகளிற் காற்றாலைகள் அமைக்க 2010ஆம் ஆண்டில் உரிமம் வழங்கப்பட்டது. வெளியார் பார்வைக்கு அம்மலைகள் மரமற்ற வெறுந்தரையே. மேய்ப்பருக்கோ அவை பனிக்காலத்து மேய்ச்சல் நிலம். பள்ளங்களிற் பனி ஆழமாய் மூடிக் கிடக்கும்போது, முகடுகளிற் பலத்த காற்று பனியை வாரிச் செல்லும். பாறையிற் படர்ந்த பாசிவகையை மான்கள் அங்கேதான் எட்டிப் பெறும். எக்காற்று காற்றாலைக்கு வேண்டப்பட்டதோ, அக்காற்றே மந்தைக்கும் உணவு தந்தது. சுழலும் பேருருவங்கள் நிற்கும் இடத்தை மான்கள் அணுக அஞ்சி விலகும் என மேய்ப்பர் முறையிட்டனர். குளிர்கால மேய்ச்சல் குறையின், மந்தை முழுவதும் குறைய வேண்டியதே.

வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே கட்டுமானமும் நடந்தது. 2018ஆம் ஆண்டு டிசம்பரில், ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு சுடூர்ஹையாவில் வேலையை நிறுத்திவைக்கும்படி நோர்வேயைக் கேட்டது. அரசு அதற்கு இணங்கவில்லை. ஈரிடத்திலும் 151 காற்றாலைகள் எழுந்தன. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் பதினொருவரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். 1982இல் உதவாத அதே உடன்படிக்கை விதி இம்முறை உதவிற்று. சாமியரின் பண்பாட்டுரிமை மீறப்பட்டமையால் உரிமங்கள் செல்லா என்றது தீர்ப்பு. தூய மின்சாரத்தின் தேவையை மன்றம் மறுக்கவில்லை. வேறிடம் தெரிந்திருக்கலாம் என்பதே அதன் கருத்து.

உரிமம் செல்லாதாயிற்று; காற்றாலைகள் சுழன்றுகொண்டேயிருந்தன. நின்றவற்றை என்செய்வது எனத் தீர்ப்புக் கூறாதிருந்தது. 500 நாட்கள் கழிந்தபின், 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில், சாமி இளைஞர் எரிபொருள் அமைச்சின் அலுவலகத்தில் அமர்ந்து மறியல் செய்தனர். காலநிலை மாற்றத்துக்கெதிராகக் குரல்கொடுத்து உலகறிந்த சுவீடன் நாட்டுக் கிரேட்டா துன்பேர்க்கும் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். மார்ச்சு மாதத் தொடக்கத்தில், மனிதவுரிமை மீறல் தொடர்ந்து நிகழ்வதை அரசு ஒப்பி மன்னிப்புக் கோரியது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தெற்குப் போசன் மேய்ப்பருடனும், 2024ஆம் ஆண்டு மார்ச்சில் வடக்குப் போசன் மேய்ப்பருடனும் உடன்பாடுகள் ஏற்பட்டன. இழப்பீடும் வேறோரிடத்திற் குளிர்கால மேய்ச்சல் நிலமும் அவர்களுக்கு உறுதியளிக்கப்பட்டன. காற்றாலைகள் அகற்றப்படவில்லை.

அல்தாவில் இல்லாதிருந்த சட்டம் போசனில் இருந்தது. ஆனால், அது பேசிய வேளையில் மலைமீது பாதைகள் வெட்டப்பட்டு, கோபுரங்கள் நாட்டப்பட்டு, பெருஞ்செலவும் செய்து முடிக்கப்பட்டிருந்தது. முன்னே கேட்டிருப்பின் இடத்தை மாற்றியிருக்கலாம். பின்னே கேட்டமையால் இழப்பீட்டை மட்டுமே பேசமுடிந்தது. புவியைக் காக்கவென இன்று பல நாடுகளிலும் அணைகளும் காற்றாலைகளும் எழுகின்றன. அவை எழும் நிலத்தில் முன்னரே வாழ்வோர் உளரா என்பதை உரிமம் எழுதுமுன் கேட்டறிதல் வேண்டும் என்பதே அவ்விரு வழக்குகளும் உலகுக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.