செஞ்சி மதிலுக்கு ஒரு ஃபங்ஷன்

செஞ்சிக்குப் போனா நாம என்ன பண்ணுவோம்? கல்யாண மகால் முன்னாடி போட்டோ, மூச்சு வாங்க ராஜகிரி, இறங்கும்போது தேசிங்கு ராஜா கதை. இந்த முறை நான் மதிலை மட்டும் பார்த்துக்கிட்டே நடந்தேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையையும் சேர்த்து வளைச்ச மதில். முகலாயப் படை 1690-ல் முற்றுகை போட்டு 1698-ல்தான் உள்ளே நுழைய முடிஞ்சது.

அங்கங்கே சரிஞ்சு கிடக்கிற இந்த மதிலை கம்ப்யூட்டர்ல எப்படிக் காப்பாத்துறது?

முதல் வழி லேசர் ஸ்கேன். ஆண்ட்ரூ டாலன் என்ற ஆய்வாளர் 2010-ல் பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தை ஸ்கேன் பண்ணி வச்சார். 2019 ஏப்ரல் 15 தீ விபத்துக்கு அப்புறம் சீரமைப்புக்கு அது உதவுச்சு. ஆனா ஸ்கேனுக்குத் தெரிஞ்சது கோடிக்கணக்கான புள்ளிகள்தான். எது மதில், எது கொத்தளம்னு அதுக்குத் தெரியாது. இடிஞ்சதை இடிஞ்சபடியே காட்டும்.

அடுத்தது பாராமெட்ரிக் மாடல். நமக்குப் பழகின ஃபங்ஷன்தான். உயரம், தடிமன், கொத்தளங்களுக்கு நடுவே உள்ள தூரம் எல்லாம் உள்ளீடு. ஒரு எண்ணை மாத்தினா மொத்த மதிலும் மாறும். ஜெர்மன் ஆய்வாளர்கள் 2005-லேயே இப்படி ஐரோப்பியக் கோட்டைகளுக்கு ஒரு கருவி செஞ்சிருக்காங்க. நாலு கொத்தளத்தை அளந்தா அஞ்சாவதை அதுவே கட்டிடும்.

சிக்கலே அங்கதான். செஞ்சியைக் கட்டினது ஒரு கை இல்லை. நாயக்கர்கள், 1649-ல் பீஜப்பூர், 1677-ல் சிவாஜி, அப்புறம் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரங்க, 1761-ல் ஆங்கிலேயர். சிவாஜி பழைய அரணை இடிச்சுப் புதுசா கட்டினதைப் பத்தி அந்தக் காலத்துப் பாதிரியார் கடிதமே இருக்கு. போதாக்குறைக்கு, பாறை இருக்கிற இடத்துல பாறையே மதில். இதுல எந்தக் கையோட கணக்கை வச்சு அஞ்சாவது கொத்தளத்தைக் கட்டுறது?

அதனால என் ஃபங்ஷன்ல ஒவ்வொரு எண்ணுக்கும் கூடவே இன்னொரு குறிப்பு கட்டாயம்: அளந்ததா, ஊகமா? ஊகம்னா திரையில வேற நிறம். சொந்த யோசனை இல்லீங்க. 2009-ல் திருத்தி வெளியிட்ட லண்டன் சாசனமும் ஆதாரத்தையும் ஊகத்தையும் பிரிச்சுக் காட்டத்தான் சொல்லுது.

2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டுல ஒண்ணா செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிடுச்சு. மகாராஷ்டிராவுக்கு வெளியே இது ஒண்ணுதான். இனி கூட்டம் வரும், கூடவே 'அழகா சரி பண்ணிடலாம்'ங்கிற ஆசையும் வரும். திரையில தப்பான எண்ணை ஒரு நொடியில மாத்திடலாம். அதையே நம்பி கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டிட்டா, அங்கே அன்டூ பட்டன் கிடையாது.